மேற்படி பொத்தான்

என்னை அந்த மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ள இருபது நொடி ஆனது. அக்காவைச் சேர்க்க நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவளுடைய வயது, முகவரி, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், பழைய அறுவைகள், வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு என்று எல்லாவற்றையும் சேர்க்கைப் பிரிவுக்காரர் இரண்டே விரலால் தட்டி முடித்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நீங்க?"

"தங்கச்சி. நான்தான் கிட்னி குடுக்கிறேன்."

"ஒரே வீடா?"

"அவ கீழ, நான் மாடி."

"ஒரே அம்மா அப்பா? ரத்த குரூப்பும் ஒண்ணா?"

"ஆமாங்க. அதனாலதானே நான்..."

"அப்ப மேற்படி," என்றார்.

விசைப்பலகையின் ஓரத்தில் பச்சையாக ஒரு பொத்தான் தனியே இருந்தது. அமுக்கி அமுக்கி அதன் மேலிருந்த எழுத்து பாதி தேய்ந்துபோயிருந்தது. அதை ஒருமுறை அமுக்கினார். பக்கத்திலிருந்த அச்சுப்பெட்டியிலிருந்து ஒரு பட்டை வெளியே வந்தது. அதை என் மணிக்கட்டில் மாட்டினார். முடிந்தது.

எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. அக்காவின் செருப்பு, அக்காவின் புத்தகப்பை, அக்காவின் சட்டை என்று வளர்ந்தவள் நான். அவள் என்னைக் கூப்பிடுவதே "வாலு" என்றுதான். அவளுக்குக் கணக்கு நன்றாக வந்ததால் எனக்கும் வரும் என்று பள்ளிக்கூடத்தில் முடிவு செய்தார்கள். வரவில்லை. தையல் கடையில் துணி வெட்டும் வேலைக்குப் போனேன். அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட அன்று, யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது அறையில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்று இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எங்களுக்கு மூன்றாம் மாடியில் அடுத்தடுத்த கட்டில்கள். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: "நகல் எடுப்பது தண்டனைக்குரியது. ஓர் உண்மைக்கு ஓர் இடம்."

மதியம் சாப்பாடு வந்தது. எனக்கு உப்பில்லாத கஞ்சியும், அளந்து ஊற்றிய கால் டம்ளர் தண்ணீரும். பிறகு என்னைச் சோதித்த ஒருவர் நல்ல ஆரோக்கியம் என்று தட்டிவிட்டுப் போனார்; அதற்கப்புறம் வந்த அக்காவின் தட்டில் முழுச் சாப்பாடு, ஆரஞ்சுச் சாறு, இரண்டு வாழைப்பழம்.

"ஏண்டி வாலு," என்றாள் அக்கா, பழத்தைக் கையில் எடுத்து முகர்ந்தபடி. "வாழைப்பழத்தைத் தொட்டு ஒரு வருஷம் ஆச்சுடி. ஆபரேஷனுக்கு முன்னாடி கடைசி ஆசையா இருக்குமோ?"

அவள் தோலை உரித்து முடிப்பதற்குள் தலைமை நர்ஸ் பாய்ந்துவந்து பிடுங்கினார். "கீழ வைங்க! இது உள்ள போனா உங்க இதயம் நின்னுடும். யார் குடுத்தா?"

"உங்க ஆளுதான் சிஸ்டர். நான் நல்லா இருக்கேனாம், சத்தா சாப்பிடணுமாம்."

நர்ஸ் கட்டிலின் தலைமாட்டிலிருந்த கணினித் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டுகளை இடம் மாற்றி வைத்தார். பிறகு ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, மேலங்கிப் பையிலிருந்து ரப்பர் பட்டை போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்து, எதையோ எழுதி, சட்டென்று மறைத்துக்கொண்டார். அவர் முகத்தில், தடைசெய்யப்பட்ட ஏதோ ஒன்றைச் செய்கிறவரின் பரபரப்பு இருந்தது.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அறுவை.

காலை ஏழு மணிக்கு என்னை எடை பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு கிலோ. நர்ஸ் அதைத் தட்டிய அடுத்த நொடி அக்காவின் திரையிலிருந்த அறுபத்தொன்று ஐம்பத்திரண்டாக மாறியது. தொலைபேசி அடித்தது. உணவுப் பிரிவிலிருந்து பேசினார்கள். ஒரே நாளில் ஒன்பது கிலோ குறைந்த நோயாளி தங்களிடம் எதை மறைக்கிறார் என்று கேட்டார்கள். அக்காவை மறுபடி எடை பார்த்து அறுபத்தொன்று என்று போட்டார்கள். மறுபடியும் தொலைபேசி. பட்டினி இருக்க வேண்டிய தங்கை அரைமணி நேரத்தில் ஒன்பது கிலோவுக்கு எதைச் சாப்பிட்டாள் என்று கேட்டார்கள்.

"சொல்லுடி, எங்கள விட்டுட்டு என்ன தின்ன?" என்றாள் அக்கா. சிரித்தோம். அதுவரைக்கும் சிரிக்க முடிந்தது.

எட்டேகாலுக்கு அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிரியாட்டினின் ஒன்பது. சிறுநீரகம் செத்துவிட்டது என்பதைச் சொல்லும் எண் அது. எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் சிவந்தது என் கட்டிலின் திரை. "கொடுப்பவர்: தகுதியற்றவர். இரு சிறுநீரகங்களும் செயலிழந்துள்ளன. வீட்டுக்கு அனுப்பலாம்."

நான் அந்தச் சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோள்கள் இரண்டும் மெல்லக் கீழே இறங்குவதை உணர்ந்தேன். இத்தனை நாளும் அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கடையைத் திறக்கலாம். வெட்டாமல் கிடக்கும் துணிகளை முடிக்கலாம். இடுப்புக்கு மேலே கையளவு கீறல் இல்லாமல் கண்ணாடி முன்னால் நிற்கலாம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நான் மறுக்கவில்லை, கணினிதானே மறுத்தது.

அந்த நிம்மதி எனக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்று பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அரை நிமிடம் இருக்கலாம். நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டே முக்காலுக்கு என்னுடைய பரிசோதனை முடிவு வந்தது. பூச்சியம் புள்ளி எட்டு. என் திரை பச்சையானது. அக்காவின் திரையும் பச்சையானது. "நோயாளி பூரண குணம். அறுவை தேவையில்லை. ரத்து." எங்கள் இரண்டு மணி இடம் அடுத்து காத்திருப்பவருக்கு நகரத் தொடங்கியது. திரையின் மூலையில் ஒரு கடிகாரம் முளைத்தது: மாற்றம் உறுதியாக இன்னும் மூன்று மணி நேரம் பதினைந்து நிமிடம்.

அறுவை செய்யவிருந்த டாக்டர் வேகமாக வந்தார். அளந்து பேசுகிற பெண்மணி. என்னை மட்டும் நடைபாதைக்கு அழைத்துப் போனார்.

"பதிவேட்டுப் பிரிவு நாலாவது மாடியில. பன்னெண்டுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சுத்தான்."

"நாலு மாசந்தானே டாக்டர், சுத்திகரிப்புலயே ஓட்டிடலாம்ல?"

"உங்க அக்கா கையில ரத்தக் குழாய் ரெண்டு தடவை அடைச்சாச்சு. இன்னொரு தடவை அடைச்சா சுத்திகரிக்க வழி இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "நாலு மாசம் அவங்களுக்கு இருக்கான்னு எனக்குத் தெரியாது."

நான் கிளம்பினேன். ஒரு மாடிதான் ஏற வேண்டும். படிக்கட்டு கண்ணெதிரே இருந்தது. லிப்டுக்காக நின்றேன்.

பதிவதிகாரியின் அறை நன்றாகக் குளிரூட்டப்பட்டிருந்தது. அவர் தலைக்கு மேலே "நகலில்லா மருத்துவமனை" என்ற விருதுப் பத்திரம் சட்டம் போட்டுத் தொங்கியது. இதையே நான் வரவேற்பறையிலும், லிப்டுக்குப் பக்கத்திலும், சாப்பாட்டுக் கூடத்திலும் பார்த்திருந்தேன்.

"அது நகல் இல்ல," என்றார், என் பார்வையைக் கவனித்து. "நாலும் அசல். உக்காருங்க. வாழ்த்துகள்!"

"எதுக்கு சார்?"

"உங்க அக்கா குணமாயிட்டாங்களே. எட்டே கால்லேர்ந்து எட்டே முக்காலுக்குள்ள. அரை மணி நேரம்! இந்த மருத்துவமனையில இவ்வளவு சீக்கிரம் யாரும் குணமானதே இல்ல."

நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பதில் அவருக்குப் பயிற்சி இருந்தது.

"பாருங்கம்மா. முந்தி இங்க ஒரு நோயாளிக்குப் பதினேழு நகல் இருக்கும். பதினேழும் பதினேழு விதமாச் சொல்லும். எது நெசம்னு யாருக்குத் தெரியும்? நான் வந்தேன். நகலே கூடாதுன்னேன். ஒரு உண்மை, அதுக்கு ஒரு இடம். மத்தவங்க எல்லாரும் அந்த இடத்தைக் கை காட்டினாப் போதும். இப்ப இங்க ஒரு தப்பு இருந்தாக்கூட எல்லா அறையிலயும் அதே தப்புதான் இருக்கும். இந்த ஒழுங்கை வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"நாங்க ரெண்டு பேர் சார்."

"அது உங்க அபிப்பிராயம்."

"எங்க அக்கா எடை அறுபத்தொண்ணு. என் எடை அம்பத்திரெண்டு."

"எப்ப?"

"இப்பதான். ஒரே நேரத்துல."

"ஒரே நேரத்துல ரெண்டு எடைன்னா அதுக்குப் பேர் முரண்பாடு. அதை ஒழிக்கத்தான் என்னைப் போட்டிருக்காங்க." அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது. "சரி, வந்தது வந்துட்டீங்க. கீழ்த்தளத்துல கணினிக்கு நிரல் எழுதுறவங்க இருக்காங்க. அவங்க ஏதாவது விளக்குவாங்க. ஆனா நகல்னு மட்டும் கேட்டுடாதீங்க."

கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லை. என் வயதுள்ள ஒரு பெண் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு, மேசைமேல் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறாராம். நான் "மேற்படி" என்றதுமே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இங்க பாருங்கம்மா. அந்தப் பொத்தானுக்குப் பின்னாடி இருக்கிறது ஒரே ஒரு வரி." திரையில் விரல் வைத்தார். தங்கை = அக்கா. "இதைப் படிச்சா என்ன தோணுது?"

"அக்கா மாதிரியே ஒரு தங்கச்சியை உண்டாக்கச் சொல்லுது."

"எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. வெறும் எண்ணா இருந்தா அப்படித்தான் நடக்கும். என் வயசு நாப்பத்தஞ்சு, உங்க வயசும் அதேன்னு போட்டுட்டு அப்புறம் உங்களுதை மாத்தினா என்னுது மாறாது. ஆனா இது எண்ணு இல்ல, முழு ஆளு. முழு ஆளுக்கு நடுவுல இந்தக் குறியைப் போட்டா ஆளு ரெண்டாகாது. பேருதான் ரெண்டாகும்." பிஸ்கட் டப்பாவை எடுத்துக் காட்டினார். "ஒரே டப்பாவுல ரெண்டு சீட்டு ஒட்டின மாதிரி. எந்தச் சீட்டைப் பாத்துக் கையை விட்டாலும் அதே பிஸ்கட்தான். நீங்க ஒண்ணு எடுத்தா அவங்களுக்கும் ஒண்ணு குறையும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஏனென்றால் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

கடையில் ஓர் அளவு நோட்டு உண்டு. ஒரு தாய் இரண்டு பெண்களைப் பள்ளிச் சீருடைக்குக் கூட்டிவந்தாள். பெரியவளை அளந்து எழுதினேன். சின்னவள் ஏறக்குறைய அதே உயரம். பெயருக்கு நேரே "மேற்படி" என்று போட்டுவிட்டேன். அடுத்த வருடம் பெரியவள் மட்டும் வந்தாள், நன்றாக வளர்ந்திருந்தாள். பழைய அளவை அடித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதினேன். சின்னவளின் துணி பிறகு வந்தது. நோட்டைப் பார்த்து வெட்டினேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அந்தப் பெண் நின்ற நிற்பு எனக்கு மறக்கவில்லை. கை விரல்நுனிகூட வெளியே தெரியவில்லை. அவள் அழவில்லை. பழகியவள்போல நின்றாள்.

"தனித்தனியா எழுதிட்டா முடிஞ்சுதுல்ல?" என்றேன்.

"அதுக்குப் பேரு நகல்." கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இருங்க, சத்தமில்லாம ஒண்ணு பண்ணிப் பாக்கிறேன்."

அவர் என்னவோ தட்டினார். திரையில் இரண்டு பெயர், இரண்டு வயது, இரண்டு பட்டை எண். பத்து மணி ஆகியிருந்தது. நான் மேலே வந்தேன். நர்ஸ் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதினார். நூற்றுப் பத்து. அக்காவின் திரையிலும் நூற்றுப் பத்து என்று வந்தது. அக்காவுக்கு அப்போது நூற்று எழுபது.

கீழே ஓடினேன். அவர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மேலோட்டமான நகல்தான் ஆகியிருக்கு. பேரு, வயசு எல்லாம் தனியாப் போயிடுச்சு. ஆனா உள்ள பரிசோதனைக் கோப்பு ஒண்ணுதான். ரெண்டு பேரும் அதையே கை காட்டுறாங்க. அடி வரைக்கும் போய் ஒவ்வொண்ணையும் பிரிச்சு எழுதணும். ஆழ நகல்னு சொல்லுவோம். அதுக்கு நகல் தடுப்புக் குழுவோட அனுமதி இல்லாம என் கை போகாது. பூட்டி வெச்சிருக்காங்க."

நகல் தடுப்புக் குழு நாலாவது மாடியிலேயே நான்கு மேசைகளாக இருந்தது. ஒரே ஒரு தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதற்கு நகல் கூடாது. ஆனால் நான்கு மேசைகளிலும் அது இருந்தாக வேண்டும். முதல் மேசைக்காரர் வாங்கிக்கொண்டார். கால்மணி கழித்துப் போனால் அவர் மேசையில் ஓர் அட்டை: "உங்கள் விண்ணப்பம் இரண்டாம் மேசையில் உள்ளது." இரண்டாம் மேசையில் இருந்த அட்டை மூன்றாம் மேசையைச் சொன்னது. மூன்றாம் மேசை நான்காவதைச் சொன்னது. நான்காம் மேசை அட்டையைப் படித்தேன். "முதல் மேசையில் உள்ளது."

இன்னொரு சுற்று வந்தேன். பத்து ஐம்பது ஆகிவிட்டது.

"தாளு எங்க இருக்கு சார்?"

"இருக்கும்மா," என்றார் முதல் மேசைக்காரர். "எல்லா மேசையிலயும் இருக்கு."

"அட்டைதான் இருக்கு. நான் எழுதின தாளு?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். நான்காம் மேசைக்காரர் கடைசியில் நிமிர்ந்து, மெதுவாக, "அனுமதி மறுக்கப்படலையே, அதை நல்லதா எடுத்துக்குங்க," என்றார்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியபோது பதிவதிகாரியே என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வழி கிடைச்சிடுச்சும்மா! எதுக்கு ரெண்டு பேரைப் பிரிக்கணும்? அப்படியே இருக்கட்டும். உங்க அக்கா தனக்குத்தானே சிறுநீரகம் குடுத்துக்கிறாங்கன்னு போட்டுட்டேன். வாங்குபவர் அக்கா, கொடுப்பவர் மேற்படி. ஒரு முரண்பாடும் வரல. ரத்து நீங்கிடுச்சு, ரெண்டு மணி இடம் திரும்ப உங்களுதுதான்."

வார்டுக்கு அவரும் கூடவே வந்தார். இரண்டு திரைகளும் பச்சை. நர்ஸ் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரி, தயார் பண்ணுங்க. இவங்க சம்மதக் கையெழுத்து எங்க?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"அது வந்தாச்சு டாக்டர்," என்றார் பதிவதிகாரி. "அக்கா காலையிலயே போட்டாங்களே. அதுதான் இவங்களுதும்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். நாற்பத்தைந்து வருடமாக அப்படித்தானே. நான் கட்டிலில் ஏறப்போனேன்.

"நில்லுடி," என்றாள் அக்கா.

தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சார், நான் போட்ட கையெழுத்தை நானே அழிக்கலாமா?"

"தாராளமா. நோயாளியோட உரிமை அது. ஆனா..."

"அழிங்க."

"அம்மா, உங்களுதை அழிச்சா இவங்களுதும்..."

"அது தெரிஞ்சுதான் சொல்றேன். சிஸ்டர், நீங்க அழிங்க."

நர்ஸ் அழித்தார். இரண்டு திரைகளும் சிவந்தன. மூலையில் கடிகாரம் மறுபடி முளைத்தது. பத்தொன்பது நிமிடம்.

"அக்கா, பைத்தியமா உனக்கு? மணி என்ன தெரியுமா?"

"தெரியும். காலையில இந்தச் சிவப்பு வந்தப்ப உன் மூஞ்சியையும் பாத்தேன். அதுவும் தெரியும்."

டாக்டர், நர்ஸ், பதிவதிகாரி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"நீ லிப்டுக்கு நின்னதையும் இங்கேர்ந்து பாத்தேன்டி. ஒரு மாடி ஏற லிப்டு. கடையில நாள் முழுக்க நின்னுக்கிட்டே வெட்டுறவ நீ."

"பயமா இருந்துச்சுக்கா," என்றேன். அந்த வார்த்தை வெளியே வந்ததும்தான் எனக்கே அது கேட்டது. "இப்பவும் பயமா இருக்கு. ஆனா அதுக்காக நீ..."

"பயப்படுறது தப்புன்னு நான் சொன்னேனா? எனக்கும்தான் பயம். உன்னை யாருமே கேக்கல இல்ல? நானும் கேக்கல. என் சட்டையைப் போட்டுக்கிறியான்னு உன்கிட்ட யாரு கேட்டா? அது மாதிரியே இதையும் விட்டுட்டேன்." அவள் குரல் உடையவில்லை. கரகரத்தது. "இப்பக் கேக்கிறேன். குடுக்கிறியா? வேணாம்னா வேணாம்னு சொல்லு. வீட்டுல நீ எப்பவும் போல மாடியிலேயே இருப்ப, நான் கீழேயே இருப்பேன். ஒண்ணும் மாறாது."

அவளுக்கு நாலு மாதம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார் என்று நினைத்திருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

முதல்முறையாகப் பதிலுக்கான இடம் எனக்கென்று காலியாக விடப்பட்டிருந்தது. அதை அவசரமாக நிரப்ப மனம் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். பயம் இருந்தது, ஒரு கல் மாதிரி. கொஞ்சம் கோபம் இருந்தது, பழையது. அவற்றையெல்லாம் நகர்த்திப் பார்த்தால் அடியில் வேறொன்றும் இருந்தது. வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகர்ந்த அக்கா. அவள் அதை உரித்துச் சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும். இது அவள் ஆசை இல்லை. என்னுடையது.

"சிஸ்டர்," என்றேன். "உங்க நோட்டுல ஒரு தாளு கிழிச்சுக் குடுங்க."

நர்ஸ் பதிவதிகாரியைப் பார்த்தார். பதிவதிகாரி நர்ஸின் மேலங்கிப் பையைப் பார்த்தார். "எந்த நோட்டு?"

நர்ஸ் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு நோட்டை வெளியே எடுத்தார். ரப்பர் பட்டையைக் கழற்றினார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம், எல்லாம் முழுசாக, கையால் எழுதியது. அக்காவுக்கு ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கம். அறுபத்தொன்று அங்கே, ஐம்பத்திரண்டு இங்கே. ஒன்பது அங்கே, பூச்சியம் புள்ளி எட்டு இங்கே.

"பதிமூணு வருஷமா எழுதுறேன் சார்," என்றார் நர்ஸ். "நீங்க வந்த அன்னைலேர்ந்து."

"இது நகல்!" பதிவதிகாரியின் முகம் வெளிறியது. "இந்தக் கட்டடத்துக்குள்ள... பதிமூணு வருஷமா ரெண்டாவது உண்மை ஒண்ணு இருந்திருக்கா?"

"அதனாலதான் பதிமூணு வருஷமா என் மேசையில யாரும் சாகல," என்றார் டாக்டர். "நான் இந்த நோட்டைப் பாத்துத்தான் அறுக்கிறேன். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

நர்ஸ் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். கட்டிலின் சட்டத்தில் வைத்து எழுதினேன். என் பெயர். என் வயது. என் எடை. முகவரியில் மாடி என்று சேர்த்தேன். என் இடது சிறுநீரகத்தை என் அக்காவுக்குக் கொடுக்க நான் சம்மதிக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் கொடுக்கிறேன் என்று முழுவதுமாக எழுதினேன். சுருக்கி எழுதக்கூடிய இடம் இரண்டு மூன்று வந்தது. எங்கும் சுருக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பயமா இருக்குங்கிறதெல்லாம் சம்மதப் படிவத்துல எழுதறதில்ல," என்றார். "இருக்கட்டும்."

"இப்ப நான் போடுறேன்," என்று அக்கா திரையில் கையெழுத்திட்டாள். இரண்டும் பச்சையாயின. நான்கு நிமிடம் மீதம் இருந்தது.

கண் விழித்தபோது ஜன்னலில் அந்தி வெளிச்சம். இடுப்பு எரிந்தது. பக்கத்துக் கட்டிலில் அக்கா. அவள் பக்கத்தில் தொங்கிய பையில், ஒரு வருடமாக அவள் உடம்பு மறந்துபோயிருந்த மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பதிவதிகாரி திரையின் முன்னால் நின்றார். இரண்டு நாளில் அவருடைய பிரிவைப் பார்க்க ஆய்வுக்குழு வருகிறதாம். நர்ஸின் நோட்டைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிவிட்டதாகவும், ஆனால் அந்தக் கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

"இதுல ஒரு சிக்கல்," என்றார் டாக்டரிடம். "நாலு மணி நேரம் அறுவைக்கூடத்துல இருந்தீங்க. ஆனா பதிவுல ஒண்ணுமே நடக்கல."

"ஏன்?"

"சிறுநீரகம் ஒண்ணு கழிஞ்சிருக்கு. ஒண்ணு கூடியிருக்கு. மொத்தத்துல மாற்றமில்லை." அவர் திருப்தியோடு தலையாட்டினார். "பரவாயில்ல. முரண்பாடு இல்லாம முடிஞ்சதே, அதுவே பெரிசு."

அவர் போன பிறகு நர்ஸ் என் அருகே குனிந்தார். "எப்படி இருக்கு?"

"வலிக்குது சிஸ்டர்."

அவர் தட்டினார். இரண்டு திரைகளிலும் அது ஏறியது. நாள் முழுக்க நின்ற களைப்பில், பழக்கத்தில் அக்காவின் பக்கம் திரும்பி, அங்கிருந்ததை அப்படியே படித்தார். "உங்களுக்கும் வலிக்குதுன்னு வந்திருக்கே."

அக்கா கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அது அவ வலி சிஸ்டர்," என்றாள். "என்னுது வேற. நோட்டை எடுங்க, சொல்றேன்."